சதுப்பில் வாய்க்கால் வெட்டுவதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
உதகை வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: ஊர்ச் சதுப்பின் நீரை வடிப்பதை நிறுத்தவும், மலைச் சதுப்புகளைக் கணக்கெடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்குக் கீழே, இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒரு சதுப்பு இருக்கிறது. போன மாசியில் கேரட் போடுவதற்காக அதன் குறுக்கே இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். வெட்டிப் போட்ட மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காப்பிச் சக்கை மாதிரி கறுப்பாக இருந்தது. பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வடிந்தது; உள்ளே புல்வேர் நார் மக்காமல் அப்படியே கிடந்தது. சில நாள் வெயிலில் அதே மண் பொடிப்பொடியாகிவிட்டது.

பீட் என்பது இந்த மண்தான். தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் செடிகொடிகள் முழுதாக மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்து உருவாவது. நீலகிரிச் சதுப்புகளின் பீட்டை ஆராய்ந்து சூழலியல் அறிஞர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். மரங்கள் கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு, வறட்சி தாங்கும் புற்கள் எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அந்த வேறுபாடு மக்கிய மண்ணிலும் அழியாமல் நிற்கும். அதை வைத்துச் சுமார் 20,000 ஆண்டுகளின் மழையையும் வறட்சியையும் அவர்கள் கணித்தார்கள். பனியுகத்தின் உச்சத்தில் பருவமழை தளர்ந்து புல் ஓங்கியிருந்தது. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்தது. பின்னர் மறுபடியும் வறட்சி வந்தது.

இது வெறும் பழங்கதை இல்லை, ஐயா. காட்டை மனிதர்கள் அழித்ததால்தான் இந்த மலையில் புல்வெளி வந்தது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். பயனற்ற இடம் என்று அதில் சீகை (வாட்டில்) மரமும் தைலமரமும் நட்டார்கள். இங்கே புல் பல்லாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி இந்தச் சேறுதான். இனி மழை மாறும்போது சோலைக்காடு எவ்வளவு நகரும், புல் எங்கே நிற்கும் என்று கணிக்கவும் இதுவே அளவுகோல். காய்ந்து காற்றுப் பட்டால் பீட் மக்கிப்போகும். அப்புறம் எத்தனை கோடி செலவழித்தாலும் அந்த அடுக்குகள் திரும்பி வராது.

எனவே வாய்க்காலை உடனே அடைத்து நீரைத் தேக்க உத்தரவிட வேண்டுகிறோம். அங்கே பயிர் வைத்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்களுக்கு மாற்று இடமோ இழப்பீடோ கொடுத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். மாவட்டத்தின் பீட் சதுப்புகளை வனத்துறை மூலம் அளந்து, தமிழ்நாடு ஈரநில இயக்கத்தின் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். வழிகாட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்
(ஒப்பம்)

இணைப்பு: வாய்க்காலின் புகைப்படங்கள், ஊர் மக்கள் கையெழுத்துப் படிவம்.