வாணியின் இரத்தப் பரிசோதனை

திருகோணமலை

அன்புள்ள சுமதிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலியும் கண்மணி அக்காவின் காணி வழக்கும் இருந்தபடியே இருக்கின்றன. இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே வாசி.

நம் வாணி 38 வயதில் கர்ப்பமாக இருக்கிறாள், 13ஆவது வாரம். தனியார் ஆய்வுகூடமொன்றில் செய்த இரத்தப் பரிசோதனையில் பிள்ளையின் அறிவு வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டவுன் சிண்ட்றோமுக்கு "அபாயம் அதிகம்" என்று வந்ததிலிருந்து உப்புவெளி வீடு இழவு வீடாகிவிட்டது. மாமியார் கோணேசருக்கு நேர்த்தி வைக்கிறார். கணவன் தன் பக்கத்தில் எவருக்கும் இப்படியில்லை என்று பரம்பரை பேசுகிறான். பெரும்பாலும் முட்டை உருவாகும்போது 21ஆவது நிறமூர்த்தச் (குரோமோசோம்) சோடி பிரியாமல் விடுவதால் நேர்வது இது, பரம்பரைக்கு இதில் பங்கு மிகக் குறைவு என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. கிளினிக்கில் எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு விளங்கப்படுத்தியவள், சொந்தத்தில் வெறும் சித்திதானே!

தாயின் குருதியில் மிதக்கும் டீ.என்.ஏ. துண்டுகளை எண்ணிப் பார்க்கும் அச்சோதனையை 10ஆவது வாரத்திலிருந்தே செய்யலாம். ஆனால் அத்துண்டுகள் பிள்ளைக்குத் தாயிடமிருந்து உணவூட்டும் சூல்வித்தகத்திலிருந்து வருபவை (உயர்தர வகுப்பில் நீ நித்திரை கொண்ட அதே பாடம்); அதன் கலங்களும் பிள்ளையின் கலங்களும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. ஆகவே அந்தத் தாள் ஐயத்தை மட்டுமே சொல்கிறது. உறுதிப்படுத்த வேண்டுமானால் 15ஆவது வாரத்தின் பின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். அதனால் கரு அழியும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவென்றாலும், ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்று யாரோ சொன்னதையே வாணி நம்புகிறாள்.

மறுபக்கமும் இதே கதைதான். "அபாயம் குறைவு" என்று வந்தவர்கள் பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை என்று இனிப்புக் கொடுக்கிறார்கள். வழக்கமாகச் செய்யப்படும் அச்சோதனையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் பார்க்கப்படுவதேயில்லை. தாயும் தகப்பனும் காவிகளாக (தமக்கு நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது இதில்தான்: விடை இப்படி வந்தால் என்ன செய்வாய் என்று இரத்தம் எடுக்கும் முன் அவளை எவரும் கேட்கவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருவைக் கலைக்க இடம் தராத நாடு இது. அதை அறிந்த பின்னும் முன்கூட்டியே தெரிந்து ஆயத்தப்பட விரும்பும் பெண்கள் இருக்கிறார்கள், தெரியவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் நியாயமே. வாணி எந்தப் பக்கம் என்பது அவளுக்கே தெரியாது.

படிப்பித்த ரீச்சர் என்பதால் நீ சொன்னால் கேட்பாள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லாமல், வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு கொப்பியில் எழுதச் சொல். வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசி எடு. மாமியார் கோயிலுக்குப் போயிருப்பார்.

அன்புடன்,
ஜெயந்தி