செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, தாலுகா நிருபர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மாவட்ட நிருபர்கள் சங்கத்தின் இந்த ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி எழுத்துப் பயிற்சிக்கே போனது. மாதம் 2 அமர்வு, ஒவ்வொன்றும் 2 மணி நேரம். அச்சில் வந்த செய்தியை விட்டுவிட்டு, டெஸ்க்குக்கு, அதாவது செய்தியைத் திருத்தும் ஆசிரியர் பிரிவுக்கு, அனுப்பிய மூலக் காப்பியையே எடுத்துக்கொண்டோம். அச்சில் வந்ததில் உதவி ஆசிரியரின் கை பட்டிருக்கும். நிருபர் தடுமாறிய இடம் தெரியாது. எழுதியவர் பெயரை மறைத்து ஒருவர் உரக்க வாசிப்பார். மூச்சு முட்டும் இடத்தில் பென்சில் கோடு விழும்.

கோடு அதிகம் விழுந்தது முதல் வாக்கியத்தில்தான். யார், எங்கே, எப்போது, என்ன, ஏன் எல்லாவற்றையும் லீட் எனும் அந்தத் தொடக்க வாக்கியத்திலேயே அடக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "கலெக்டர் அலுவலகத்தில் நடந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலந்துகொண்டு பேசிய" என்று தொடங்கினால், என்ன நடந்தது என்பதற்கு வாசகர் 25 சொல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. லீடை இரண்டாக உடைப்பதே வழி. நடந்தது முதல் வாக்கியத்தில், இடமும் கூட்டமும் இரண்டாவதில். இதைப் பழகிய பிறகு காப்பிகள் தெளிவானது கண்கூடு.

அடுத்த குறை மொழியில் இல்லை, நோட்டில் இருக்கிறது. "கொள்முதல் தாமதத்தால் விவசாயிகள் கடும் அவதி" என்ற வரியை ஓர் அமர்வு முழுக்கப் பிரித்துப் பார்த்தோம். கொள்முதல் நிலையத்தில் நெல் கொட்டி எத்தனை நாள்? 40 கிலோ சிப்பம் எத்தனை? ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் என்ன காட்டியது? அதைக் காட்டியது காலையிலா, பனி இறங்கிய பிறகா? தார்ப்பாய் வாடகை யார் தருகிறார்கள்? ஒன்றுக்கும் நோட்டில் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் "அவதி" வந்து உட்காருகிறது. "காண்போரைக் கண்கலங்க வைத்தது", "பெரும் பரபரப்பு நிலவியது" ஆகியவையும் அப்படித்தான். எனவே இந்தச் சொற்களுக்குப் பயிற்சியில் தடை போட்டோம். களத்திலிருந்து கிளம்பும் முன் கண்ணால் கண்டது மூன்று, எண் இரண்டு, ஒருவர் சொன்னபடியே ஒரு வரி நோட்டில் இருக்க வேண்டும் என்பது இப்போது நம் வழக்கம். காலையில் தார்ப்பாயை விலக்கி நெல்லைக் கிளறுவதும் மாலையில் மூடுவதுமாகக் கிடக்கும் ஒருவரின் ஒரு நாளை எழுதிவிட்டால் "கடும் அவதி" தேவைப்படாது.

எண்களில் நாம் இன்னும் கவனமாக வேண்டும். "10 ஆயிரம் கன அடி தண்ணீர் திறப்பு" என்று எழுதுகிறோம்; "வினாடிக்கு" விடுபட்டால் பொருளே இல்லை. கன அடி வீதம் ஓட்டத்தைச் சொல்வது, டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) இருப்பைச் சொல்வது. வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. மழை அளவு, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கு உரியது. 64.5 மி.மீ. தொட்டால்தான் கனமழை, 115.6 முதல் மிக கனமழை. தெருவில் தண்ணீர் நின்றதை வைத்து நாமாகப் பட்டம் சூட்டக் கூடாது.

குற்றச் செய்திக்கு 2 அமர்வுகள் ஒதுக்கினோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடத் தடை விதித்த பழைய சட்டத்தின் பிரிவு 228ஏ, இப்போது புதிய சட்டத்தில் பிரிவு 72. குழந்தைகளுக்கு, அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 23. பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ஊர், பள்ளி, தந்தையின் தொழில் மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் அந்தத் தெருவே கண்டுபிடித்துவிடும். இதைப் பிழை என்று விட முடியாது, அந்தக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு. தற்கொலைச் செய்தியில் முறையை விவரிப்பதில்லை, தலைப்பில் காரணம் கட்டுவதில்லை, கடைசியில் 104, 14416 உதவி எண்களைச் சேர்க்கிறோம்.

குறைகளையும் பதிவு செய்கிறேன். அமர்வுகளை மாலையில் வைத்ததால், காப்பி அனுப்பும் நேரத்தோடு மோதியது. பகுதி நேர நிருபர்கள் பாதியில் எழுந்து போனார்கள். வரும் ஆண்டு ஞாயிறு காலைக்கு மாற்றலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வட்டார நிருபர்களின் பேருந்துக் கட்டணத்தைச் சங்கமே ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பயிற்சி அதிகம் தேவைப்படுபவருக்கே வந்துபோகும் செலவும் அதிகம்.

வரும் ஆண்டின் முதல் பயிற்சி தகவல் உரிமைச் சட்ட மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் மனு தள்ளுபடியாகும். மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல் என்று ஆவணமாகக் கேட்க வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் பகுதியிலிருந்து ஆளுக்கு ஒரு மனு வரைவோடு வரவும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்