அந்த மூச்சை வெட்டாதே

கண்ணா,

நீ அனுப்பிய ஏழு இசைத் துண்டுகளையும் கேட்டேன். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. தாளம் இல்லை, பல்லவி இல்லை, எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கச் சொல்லியிருந்தாய். அன்று ராத்திரி மழை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி கேட்டேன். மழை எது, உன் இசை எது என்று பிரிக்க முடியாமல் போனபோதுதான் புரிந்தது. பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பிரையன் ஈனோவுக்கும் 1975இல் இப்படித்தான் ஆனதாம். விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தவர், ஹார்ப் இசைத்தட்டின் சத்தத்தை எழுந்துபோய்க் கூட்ட முடியாமல் மழையோடு சேர்த்தே கேட்டிருக்கிறார். ஆம்பியன்ட் என்று இந்த இசைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஐந்தாவதில் ஒரு குரல் திரும்பத் திரும்ப வருகிறதே, அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது அச்சு மாறாமல் வருகிறது. நான்கு நிமிடத்தில் நீயே சத்தத்தைக் குறைத்து முடித்துவிடுகிறாய்.

உன் அப்பாவுக்கு முன்னால் என் மனதிலும் ஒருவர் இருந்தார். அப்பாவுக்கும் தெரியும். முதலில் அவர் சொன்ன சொற்கள் மறந்தன, அப்புறம் குரலே மறந்தது. பேசுவதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பார், அது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பாசின்ஸ்கி 2001இல் தன் பழைய டேப் லூப்களை, அதாவது முனைகளை ஒட்டி வளையமாகச் சுற்றவிடும் ஒலிநாடாக்களை, கணினிக்கு மாற்றுவதற்காக ஓடவிட்டார். டேப்பின் காந்தப் பூச்சு சுற்றுக்குச் சுற்று உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை, உதிர்வதையும் பதிவு செய்தார். முதல் லூப் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது.

உன் கணினியில் எதுவும் தானாக உதிராது, நீதான் உதிர்க்க வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை மேல் அதிர்வெண் ஒலிகளைக் கொஞ்சம் வடிகட்டு. ரிவெர்பை, அந்த எதிரொலிப்பை, ஏற்றி மூடி மறைக்காதே. குரலுக்கு முன்னால் இருந்த மூச்சை வெட்டியிருக்கிறாய், அதைத் திரும்ப வை. கடைசிச் சுற்றில் அது மட்டும் இருக்கட்டும்.

ஆறாவது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்பவரை அழவைக்கவே போட்ட பியானோ அது, எடுத்துவிடு.

சரி, மாற்றியதும் அனுப்பு. ஒரு மணி நேரம் ஓடினாலும் கேட்பேன்.

அம்மா