அலட்சியமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார உடல்நலப் பக்கத்தில், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தசோகை இருப்பதற்கு ‘உணவில் அவர்கள் காட்டும் அலட்சியமே காரணம்’ என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்தில் மாதுளை, பேரீச்சை, ஆட்டு ஈரல் என்று வண்ணப் படம் வேறு. ஈரல் கிலோ என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியாததா!

என் கணவர் விசைத்தறித் தொழிலாளி. சளியில் கிருமி இருக்கிறது என்று சொன்ன அன்றே நர்சம்மா அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, “இப்படி வெளுத்துக் கிடக்கே” என்றார். ஒரு மாத்திரைகூட வாயில் போடும் முன்பு அது. நோய் உள்ளே இருக்கும்வரை, இரும்புச்சத்தை உடம்பு ரத்தத்துக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். கிருமி அடங்க அடங்கத்தான் ரத்தம் ஊறும், சத்து மாத்திரை மட்டும் போதாது என்று டாக்டர் விளக்கினார். பத்தாவதோடு நின்ற எனக்கே புரிந்தது.

ஆரம்பத்தில் மாத்திரை போட்டாலே குமட்டல், கஞ்சிகூட இறங்காது. அப்புறம் பசி எடுத்தது பாருங்கள், தட்டை வழித்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் தறிக்கூலி கிடையாது. வாங்கிய முன்பணத்தைக் கேட்டு முதலாளி எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ரேஷன் அரிசி இருந்தது. இருந்த முட்டையை அவர் தட்டில் வைத்துவிட்டு நானும் மகளும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். இதற்குப் பெயர் அலட்சியம் என்றால் சரி, அப்படியே இருக்கட்டும்.

2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கிய, காசநோயாளிகளின் சாப்பாட்டுக்கான அரசு உதவித்தொகை பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. எங்களுக்கு அது ஆதார் சேரவில்லை, கணக்கு முடங்கிவிட்டது என்று இழுத்தடித்து, மாத்திரை முடிகிற சமயத்தில்தான் வந்தது. பசி ஆறு மாதம் காத்திருக்குமா?

ஜார்க்கண்டில் நோயாளிக்கு அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் கொடுத்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் அரிசி பருப்பு கொடுத்துப் பார்த்தார்கள். நம் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் உண்டு. 2023-இல் முடிவு வந்தது. அப்படி வாங்கிச் சாப்பிட்ட குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளில் இறந்தவர்களும் குறைவு. பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

சென்ற தீபாவளி மலரில் ஒல்லியான மாப்பிள்ளையை ‘டி.பி. கேஸ்’ என்று கிண்டலடித்த ஜோக்குக்கும் ஒரு கடிதம் போட்டேன். வெளிவரவில்லை. இங்கே டீக்கடையில் என் கணவருக்கு மட்டும் பேப்பர் கப். மருந்து தொடங்கி, சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் அதே கப்தான். ஜோக்கைப் படித்துச் சிரித்தவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

மறுப்பு, வருத்தம் எல்லாம் போட வேண்டாம். அந்த 1000 ரூபாய் இருக்கிறது, நோய் உறுதியானதுமே வங்கிப் புத்தகத்தையும் ஆதாரையும் அரசு ஆஸ்பத்திரி காசநோய்ப் பிரிவில் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள், எடையையும் ரத்த அளவையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று நாலு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாமக்கல் மாவட்டம்