வேலப்பாடி பழைய வீட்டுத் தளத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஒழுகிக் கிடந்த மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மாடித் தளம், மறுபடியும் நிற்கிறது. முதல் நன்றி, தளம் அடித்த அக்காமார்களுக்கு. தேக்குக் கட்டைகள்மேல் ஓரங்குல கன அச்சுக்கல் என்னும் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் மூன்று பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து நாலங்குலம் பரப்பினோம். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஏழு நாள் மரக்கட்டையால் தட்டினார்கள். தடம் பதியாமல் கட்டை துள்ளும்வரை விடவில்லை. நாலாம் நாளே நிறுத்தியிருந்தால் ஜல்லிக்குள் பொத்தல் தங்கி, அடுத்த மழையே உள்ளே இறங்கியிருக்கும். நாங்கள் கொடுத்த கூலி அந்த வேலைக்குக் குறைவுதான்.

கத்திரி வெயிலில் வேண்டாம், தை மாசியில் போடலாம் என்று பிடிவாதமாக நின்ற மேஸ்திரிக்கும் நன்றி. வேலூர் வெயிலில் சுண்ணாம்பு இறுகுமுன் காய்ந்து வெடித்துவிடும். சுண்ணாம்பைத் தொட்டியில் ஒரு மாதம் ஊறப்போடச் சொன்னவரும் அவரே. நீறாத கட்டி ஒன்று பூச்சில் சிக்கினாலும் பின்னால் பொரிந்து குழி விழும்.

சுவரைத் தின்றது எப்போதோ பூசிய சிமெண்டு. தரையிலிருந்து ஏறிய ஓதம் (ஈரம்) வெளியேற வழியில்லாமல், உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்தது. கல் உடையாமல் சிறு உளியால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்த தம்பிகளே, அது பொறுமையான வேலை.

தளத்தைத் தாங்கும் தேக்குக் கட்டைகளில், சுவருக்குள் இருந்த முனைகள் மூன்று இற்றிருந்தன. மழைநீர் வெளியேறும் தூம்பு அடைத்து, தண்ணீர் சுவரோடு இறங்கியதே காரணம். தச்சர் முழுக்கட்டையையும் மாற்றச் சொல்லவில்லை. இற்ற முனையை மட்டும் அறுத்து, பழைய தேக்கையே சாய்வெட்டாக இணைத்து, முனையைச் சுற்றிக் காற்றோட்டத்துக்கு விரலளவு இடம் விட்டார். அங்கே காரை அடைத்தால் மறுபடி இற்றுவிடும்.

ஜவ்வாது மலைக் கடுக்காய் கொண்டுவந்தவர்களுக்கும், தளம் காயாமல் மூடிய சாக்குகளை இரவில் நனைத்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. வேலூர்க் கோட்டையைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. இந்த வீட்டுக்கு நீங்கள்தான் இருந்தீர்கள்.

ஐப்பசிக்கு முன் தூம்பைச் சுத்தம் செய்து, கைப்பிடிச்சுவரில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுக்க வருவதாகச் சொன்ன தெருப் பிள்ளைகளே, ஏணி திண்ணையில் சாத்தியிருக்கிறது.