மதினிக்கு: அத்தையின் தையல் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது

அன்புள்ள மதினி,

போன வாரம் போனில் "அம்மா பெட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "பத்திரமா இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்டி இருக்கிறது, அது உண்மைதான். அதே பச்சை டிரங்குப் பெட்டி, என் கட்டிலுக்கு அடியில். ஆனால் அதற்குள் இருந்ததில் முக்கால்வாசி இப்போது என்னிடம் இல்லை. எது யாரிடம் போனது, ஏன் போனது என்று உங்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அம்மாவோ ஆச்சியோ விட்டுப்போன தையல் சாமான்களைத் திறந்து பார்க்கவும் மனசில்லாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் வைத்திருக்கிற பலரை எனக்குத் தெரியும்.

அத்தையின் முதல் வருஷத் திதி கழிந்த மறுநாள் பாளையங்கோட்டை வீட்டில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "எனக்கு ஊசியே ஆகாது. நீதான் அம்மாகிட்ட உக்காந்து படிச்ச. நீ கொண்டு போ." தையல் மிஷினையும் பெட்டியையும் வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் நாலு மாதம் நான் அதைத் திறக்கவே இல்லை.

திறந்தபோது முதலில் வந்தது அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில் மெல்லிய மிஷின் எண்ணெய் வாசனை. நீல நிற பிஸ்கட் டின் நிறையப் பூ வேலைக்கான ஆங்கர் நூல். ஒரு கண்டு 8 மீட்டர், ஒவ்வொன்றிலும் ஆறு இழை. அத்தை எதையும் கண்டாக விட்டுவைக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து, அதில் நூலைச் சுற்றி, மேலே நிறத்தின் எண்ணைப் பேனாவில் எழுதியிருந்தார்கள். 403 கறுப்பு, 46 சிவப்பு. எண்ணுக்குப் பின்னால் பாதி மாப்பிள்ளை பெயர், பாதி மண்டபத்துப் பெயர், "தங்கள் நல்வரவை" வரை. எத்தனை வீட்டுக் கல்யாணம் அந்த டின்னுக்குள் இருந்தது! அன்று பகல் முழுக்க அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த எண்ணின் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நிறையப் பேர் நூலை வாங்கியதும் காகிதப் பட்டையைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். பத்து வருஷம் கழித்து அதே சிவப்பு வேண்டுமென்றால் கடையில் போய் என்னவென்று கேட்பது? அத்தையோ எண்ணை விட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மாதிரி நோட்டு. தையல் ஹையர் பரீட்சைக்காக, அதாவது அரசு நடத்துகிற தையல் தேர்வின் மேல்நிலைக்காக, அத்தை தயார் செய்தது. பக்கத்துக்கு ஒரு காடாத்துணித் துண்டு. ஓட்டுத்தையல், பின் தையல், ஹெம்மிங், காஜா, பொத்தான், ஹூக், கிழிந்த துணியில் ஒட்டுப் போடுவது, இழை ஓட்டி ஓட்டையை அடைப்பது. பின்பாதியில் பூ வேலை: சங்கிலித் தையல், காம்புத் தையல், ஹெர்ரிங்போன், பிரெஞ்சு நாட். நூல் கொஞ்சம் மங்கியிருக்கிறது, தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. நான் முதலில் செய்த காரியம், ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் பின்பக்கம் பார்த்தது. அத்தை பழக்கிய பழக்கம். 31 வருஷம் தையல் டீச்சராக இருந்தவர்கள், எந்தப் பிள்ளை கொண்டுவந்து காட்டினாலும் "திருப்பு" என்றுதானே சொல்வார்கள்? முடிச்சு தெரியக் கூடாது, ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நூல் தாவக் கூடாது, வால் நூலைத் தையலுக்கு அடியிலேயே நுழைத்து முடிக்க வேண்டும். எனக்கு அவர்கள் மடியில் உட்கார்ந்து கிடைத்த படிப்பு அது.

பெட்டியின் அடியில் நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூ வேலைத் துண்டு ஒன்றும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போனபோது வாங்கியது என்று அதோடு குத்தியிருந்த சீட்டில் எழுதியிருந்தார்கள். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும். தோடர் பெண்கள் இதற்குப் படம் வரைவதில்லை, ஃப்ரேம் போடுவதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசியை ஓட்டுகிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் பின்பக்கம் என்று நினைக்கிற, மேடாகத் தடித்து நிற்கிற பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கமாம். அத்தைக்கு அது ஏன் பிடித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

முதலில் நான் செய்தது தப்பு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்டாத துணிகள் இரண்டு பை இருந்தன: பாப்ளின், கேஸ்மென்ட், மேட்டி, லைனிங் எல்லாம் கலந்து. யாராவது கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்று ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது, மாடிப்படிக்கு அடியில் அந்தப் பைகள் கட்டு அவிழ்க்காமல் கிடந்தன. மழைத் தண்ணீர் இறங்கி ஒரு பை முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது. மற்றதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது அத்தையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு மொத்தமாக எங்கேயும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரு கையைப் பார்க்க வேண்டும், அந்தக் கைக்கு என்ன வேண்டுமென்று கேட்க வேண்டும், அதை மட்டும் கொடுக்க வேண்டும்.

மிஷின் எங்கள் தெருமுனையில் ஓரம் அடித்துக் கொடுக்கிற அக்காவிடம் இருக்கிறது. கணவர் இல்லை, மகன் பிளஸ் டூ படிக்கிறான். வாடகை மிஷினில் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் அரசு இலவசமாகத் தையல் மிஷின் தருகிறது அல்லவா, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள திட்டம்? அதற்கு வயது 20-இலிருந்து 40 வரை இருக்க வேண்டும். இவர்களுக்கு 43. அத்தையின் சிங்கர் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டுமென்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. தோல் பெல்ட் இற்றுப்போயிருந்தது, அதை மாற்றினோம். பாபின் கேஸில் முப்பது வருஷத்து நூல்தூசி பஞ்சுபோல அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து, எண்ணெய் விட்டு, 14-ஆம் நம்பர் ஊசி போட்டு அவர்கள் பெடலை மிதித்ததும் அந்தச் சத்தம் வந்தது பாருங்கள், மதினி! சின்ன வயதில் லீவுக்கு வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்துக் கேட்ட அதே சத்தம். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தின மாதம் அவர்கள் ராத்திரி பதினொரு மணி வரை தைத்தார்கள். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சமிக்கி, பாசி, குந்தன் எல்லாம் எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம். அவள் கல்யாண ப்ளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்து தன் ஃபீஸைத் தானே கட்டுகிறாள். ஆரி ஊசிக்கு நுனியில் கொக்கி. துணியை விறைப்பாகக் கட்டி, நூலை அடியில் இடது கையில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து ஊசியை இறக்கி நூலைக் கொத்தி எடுக்க வேண்டும். விழுவது சங்கிலித் தையல்தான். அத்தையின் நோட்டில் இருக்கும் சாதா ஊசிச் சங்கிலியை அவளுக்குக் காட்டினேன். வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது கையால போட்டதா? கண்ணி ஒண்ணுகூட பெருசு சின்னதா இல்லையே" என்றாள். ஜரிகைச் சுருள் ஒன்றும் அவளுக்குத்தான் கொடுக்க நினைத்தேன். அந்துருண்டையோடு ஒட்டிக் கிடந்து கறுத்துவிட்டது. ஜரிகை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்துருண்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

வயர் கூடைக்கான ரோல்கள் பதினொன்று இருந்தன. கீழ்வீட்டு ஆச்சிக்கு எண்பது வயது. கண் சரியாகத் தெரியாது, ஆனால் நெல்லிக்காய் முடிச்சை விரலே போடுகிறது. இரண்டு கூடை பின்னி ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

நூலை மட்டும் யாருக்கும் முழுசாகக் கொடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் தையல் பழக வருகிறார்கள், அம்மாக்கள் இரண்டு பேரும். அன்றைக்குத் தேவையானதை டின்னிலிருந்து வெட்டிக்கொள்வார்கள். முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்பது அத்தை சட்டம், இங்கேயும் அதுதான். நீள நூல் ஒவ்வொரு குத்துக்கும் துணிக்குள் உரசி உரசிப் பஞ்சாகிவிடும். பழைய நூல் என்பதால் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்கிறேன். வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பேன். பருத்தி நூல் அத்தனையும் தாக்குப்பிடித்தது, பட்டு நூலில் பாதி நைந்துவிட்டது. அப்புறம் ஒரு துணுக்கை நனைத்து வெள்ளைத்துணியில் அழுத்துவேன். எண் எழுதாத ஒரு கத்தரிப்பூ நிறம் பொலபொலவென்று சாயம் விட்டது. அதை வாழ்த்து அட்டை தைக்க மட்டும் வைத்துக்கொண்டோம், துவைக்க வேண்டாம் பாருங்கள். ஊசிகளில் பெரும்பாலானவை துருப்பிடித்துப் போயின. உறை பிரிக்காத ஒரு போனி ஊசிப் பாக்கெட் மட்டும் பளபளவென்று இருந்தது. நம் நீலகிரியில் கேத்தி பக்கத்தில் செய்கிற ஊசி அது. அதுவும் இந்தப் பிள்ளைகள் கையில்தான்.

இனி நீங்கள் அறியாத ஒன்று. பெட்டியில், தலையணை உறைக்குள் சுருட்டி, ஒரு மேஜை விரிப்பு இருந்தது. க்ரீம் நிறக் கேஸ்மென்ட் துணி, நாலு மூலையிலும் செம்பருத்தி. மூன்று மூலை முடிந்திருந்தது. நாலாவது பூவில் இரண்டு இதழும் ஒரு இலையும். அடுத்த இதழின் விளிம்பில் ஊசி குத்தியபடியே இருந்தது, நூலோடு. எப்போது நிறுத்தினார்கள் என்று யோசித்தேன். கண் ஆபரேஷனுக்கு முன்னாலா, பின்னாலா? உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஊசியை எடுத்தால் அந்த இடத்தில் துருக்கறை. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் மூன்று நாள் போட்டேன். மங்கியதே தவிரப் போகவில்லை. அப்புறம் ஒரு மாதம் அதைத் தொடவில்லை. அப்படியே வைத்துவிடுவதா, முடிப்பதா? அத்தை கை நின்ற இடத்தில் என் கை தொடங்கலாமா என்று பயம். ஒருநாள் டின்னில் 46-ஐத் தேடினேன், அட்டையில் ஒரு முழம்தான் மிச்சம். கடைக்குப் போய் அதே எண் வாங்கிவந்து பக்கத்தில் வைத்தால், புதுசு ஒரு பிடி கூடுதல் சிவப்பு. எண் ஒன்றாக இருந்தாலும் சாயத் தொட்டிக்குத் தொட்டி கொஞ்சம் மாறும்; பழையதும் மங்கியிருக்கும். அதனால் பூவின் நடுப்பக்கத்துக்கு அத்தையின் நூல், விளிம்புக்குப் புது நூல் என்று பிரித்துக்கொண்டேன். வெளியே போகப் போக நிறம் ஏறுகிற மாதிரி வந்தது. துருக்கறை இருந்த இடத்தில் படத்தில் இல்லாத ஒரு மொட்டை வைத்தேன். இரண்டு தடவை பிரித்துப் போட்டேன், பின்பக்கம் சரியாக வரவில்லை என்று. உற்றுப் பார்த்தால் எது அவர்கள் கை, எது என் கை என்று தெரியும். என் தையல் கொஞ்சம் இறுக்கம். அதை நான் மறைக்க முயலவில்லை.

விரிப்பு உங்களுக்கு. இந்த வாரம் பார்சல் அனுப்புகிறேன். தயவுசெய்து ஷோகேஸில் வைக்காமல் மேஜையில் விரியுங்கள், குழம்பு சிந்தினால் சிந்தட்டும். ஆங்கர் நூல் சாயம் போகாது. இஸ்திரி மட்டும் பின்பக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

அதோடு இன்னொன்றும் வரும். மாதிரி நோட்டின் கடைசி அட்டைக்குள் ஒரு சின்ன காடாத்துணித் துண்டு மடித்து வைத்திருந்தது. கோணல் மாணலாகச் சங்கிலித் தையலில் உங்கள் பெயரின் முதல் எழுத்து, கீழே சிவப்பு மையில் "6/10, ஐந்தாம் வகுப்பு". எத்தனை ஆயிரம் பிள்ளைகள் தைத்ததை அத்தை திருத்தியிருப்பார்கள்! பெட்டி முழுக்கக் கிளறிவிட்டேன், மதினி. அவர்கள் எடுத்து வைத்திருந்த பிள்ளைத் தையல் இந்த ஒன்றுதான். அத்தை சொல்கிற மாதிரி திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் மாமா மகள்