எங்கள் போர்டை எழுப்பித் தந்தவருக்கு நன்றி

நாங்களே வடிவமைத்த கணினிப் போர்டில், இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரலான யூ-பூட் பாதியிலேயே நின்றுபோனபோது வழிகாட்டிய, பெயர் சொல்ல விரும்பாத அந்த நண்பருக்கு மனமார்ந்த நன்றி.

போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலை நொடிக்கு 115200 பிட் வேகத்தில் வைத்துப் பார்த்தால், யூ-பூட்டின் சிறிய முதல் கட்ட நிரலான எஸ்பிஎல்லின் முதல் வரி மட்டும் வரும். அப்புறம் ஒன்றுமே இருக்காது. நிரல்களைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் கெட்டுவிட்டது என்றுதான் பலரும் சொன்னார்கள். நீங்களோ அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். "எஸ்பிஎல் ஓடுவது சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேம் என்ற சிறு நினைவகத்தில். அது பேசுகிறது என்றால், அதை ஏற்றிவிடும், சிப்பிலேயே பதிந்திருக்கும் பூட் ரோம் நிரல் தன் வேலையை முடித்துவிட்டது. அடுத்து யூ-பூட் போய் உட்கார வேண்டிய முதன்மை நினைவகமான டிடிஆரைப் பாருங்கள்" என்றீர்கள்.

அதேதான். எங்களுக்குக் கிடைத்த மூலநிரலில் இருந்தது வேறொரு மாதிரிப் போர்டின் நினைவகத்துக்கான டைமிங் (நேர அமைப்பு) மதிப்புகள்; எங்கள் போர்டில் இருப்பதோ வேறு நினைவகச் சிப். டிடிஆர் வேகத்தைக் குறைத்து, எஸ்பிஎல்லுக்குள்ளேயே சின்ன நினைவகச் சோதனை ஒன்றை ஓட்டச் சொன்னீர்களே, எவ்வளவு அருமையான யோசனை! எந்தெந்த பிட்கள் தவறுகின்றன என்று கண்முன்னே தெரிந்தது. சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டை வைத்து மதிப்புகளை மாற்றினோம், கட்டளைக்குக் காத்திருக்கும் யூ-பூட்டின் ப்ராம்ப்ட் வந்துவிட்டது.

நீங்கள் அனுப்பிய அந்தச் சோதனை நிரலை இப்போது எங்கள் ஒவ்வொரு புதுப் போர்டிலும் முதலில் ஓட்டுகிறோம். ஒவ்வொரு லாகையும் வரிவரியாகப் படித்துப் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு, குழுவில் உள்ள எல்லோர் சார்பிலும் மிக்க நன்றி.